கொசு ஸ்ப்ரே டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் ஞாயிறு இணைப்பில், விடுமுறைக்கு மலைப்பக்கம் போகிறவர்கள் எடுத்துப்போக வேண்டிய பொருட்கள் என்று ஒரு பட்டியல் வந்திருந்தது. ஸ்வெட்டர் எப்படிப்பட்டது, டார்ச் எது நல்லது, வாந்திக்கு என்ன மாத்திரை என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரி எழுதியிருந்தவர், கடைசியில் 'கொசு ஸ்ப்ரே ஒன்று' என்று மூன்றே சொல்லில் முடித்துவிட்டார். என்ன ஸ்ப்ரே, அதில் என்ன மருந்து இருக்க வேண்டும், எத்தனை மணி நேரம் தாங்கும், பிள்ளைகளுக்கு அடிக்கலாமா, எதுவும் இல்லை. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நானும் ஒரு காலத்தில் அந்த மூன்று சொல்லை மட்டும் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன். அதனால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் நாலு பேருக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகிவிட்டது, இடம் இருக்கும் அளவுக்குப் போடுங்கள்.

எங்களுக்கு வாணியம்பாடி. 2024 பொங்கல் லீவில் நாங்களும் என் தம்பி குடும்பமும் ஜவ்வாது மலைக்குக் கிளம்பினோம். ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர், அங்கிருந்து பீமன் அருவி, சாயங்காலம் இறங்கிவிடுவது, அவ்வளவுதான் திட்டம். கிளம்பும் முன் வழியில் ஒரு கடையில் வண்டியை நிறுத்தி, "அண்ணா, கொசு ஸ்ப்ரே ஒண்ணு குடுங்க" என்றேன். அவர் எடுத்துக் கொடுத்தது வீட்டு மூலையிலும் கட்டிலுக்கு அடியிலும் அடிக்கிற உயரமான டின். நான் கேட்டதும் கொசு ஸ்ப்ரே, அவர் கொடுத்ததும் கொசு ஸ்ப்ரே, அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. அப்புறம் என் மகள் (அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள்) எலுமிச்சை வாசனை வருகிற, முன்னால் பச்சை இலை படம் போட்ட சின்ன பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டாள். இரண்டும் வண்டியில் ஏறின.

மலையில் போய் இறங்கியதும் தம்பி மகன், பத்து வயசுப் பையன், அந்தப் பெரிய டின்னை எடுத்துக் கால்சட்டைக்குக் கீழே முட்டி, கெண்டைக்கால், சாக்ஸ் எல்லாம் நனைகிற அளவுக்கு அடித்துக்கொண்டான். அரை மணி நேரத்தில் ஊசி குத்துகிற மாதிரி எரிகிறது என்று அழ ஆரம்பித்தான். சோப்பு வாங்கி வந்து, அங்கே ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டுக் கழுவிக் கழுவி, மதியத்துக்கு மேல்தான் எரிச்சல் அடங்கியது. அதற்குப் பிறகுதான் டின்னைத் திருப்பிப் பார்த்தேன். தோலில் படக் கூடாது, பட்டால் சோப்புப் போட்டுக் கழுவவும் என்று எறும்பு சைஸ் எழுத்தில், ஆங்கிலத்தில், பின்பக்கத்தில் இருந்தது. முன்பக்கத்தில் ஒரு கொசு மல்லாந்து கிடக்கிற படம்தான் பெரிதாக இருந்தது.

அது கொசுக்கொல்லி. சைபர்மெத்ரின், இமிப்ரோத்ரின் போன்ற பூச்சிமருந்துகள் அதில் இருக்கும், பூச்சியின் நரம்பைத் தாக்கிக் கொல்வதற்காகச் செய்தவை. உடம்பில் அடித்துக்கொள்வது கொசுவிரட்டி, அது எதையும் கொல்லாது. நம் மூச்சுக்காற்றையும் வியர்வை வாசனையையும் பிடித்துக்கொண்டு வருகிற பூச்சிக்கு வழி தெரியாமல் செய்கிறது, வந்து உட்கார்ந்தாலும் கடிக்கப் பிடிக்காமல் செய்கிறது. இரண்டும் வேறு வேறு சாமான். ஆனால் நம் கடைகளில் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, நாமும் இரண்டையும் ஒரே பெயரில்தான் கூப்பிடுகிறோம். கொல்லி டப்பாவில் சாய்சதுரமாக ஒரு முத்திரை இருக்கும், அதன் கீழ்ப்பாதியில் ஒரு நிறம் இருக்கும். சிவப்பு என்றால் கடும் விஷம், அதற்கடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று விஷத்தின் அளவு குறைந்துகொண்டே வரும். பூச்சிமருந்துச் சட்டப்படி போடுகிற அடையாளம் அது. பச்சை என்றால் ஆபத்தே இல்லை, உடம்பில் பூசலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. விஷம் குறைவு என்றுதான் அர்த்தம். தோலில் பூசுவதற்கு என்று டப்பாவில் எழுதியிருந்தால் மட்டும் தோலில் பூசுங்கள்.

சரி, பையனுக்கு எரிச்சலோடு போயிற்று. மகளுக்கு நடந்ததுதான் நான் இன்றைக்கு இதை எழுதக் காரணம்.

அவள் அந்த இலை படம் போட்ட ஸ்ப்ரேயைக் காலையில் ஒன்பது மணிக்குக் கையிலும் கழுத்திலும் நாலு தடவை புஸ் புஸ் என்று அடித்துக்கொண்டாள். அதோடு சரி. அருவியில் நனைந்தோம். அறுவடை முடிந்த சாமைக் கொல்லையின் வரப்பில் புல்லில் துண்டை விரித்து உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். ஈரத் துணியைப் புதர்மேல் காயப் போட்டு அதையே எடுத்து உடுத்திக்கொண்டோம். பெண்பிள்ளைகள் ஒதுங்குவதற்குப் புதர்தான். சாயங்காலம் நாலு மணிக்கு இறங்கிவிட்டோம். ஒரு கொசுகூடக் கடிக்கவில்லை, ஸ்ப்ரே நல்லா வேலை செய்யுது அம்மா என்றாள் வண்டியில்.

பதினோராவது நாள் காய்ச்சல் வந்தது. தலைவலி, கண்ணைத் திறக்க முடியவில்லை, உடம்பெல்லாம் வலி. முதலில் போன ஆஸ்பத்திரியில் டெங்கு பார்த்தார்கள், இல்லை. டைபாய்டு பார்த்தார்கள், இல்லை. மலேரியா இல்லை. வைரஸ் காய்ச்சல், தானாக இறங்கும் என்று பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினார்கள். ஆறாவது நாள் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பயந்துபோய் வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே இருந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "சமீபத்துல காடு, கொல்லை, மலைப்பக்கம் எங்கயாவது போனீங்களா?" என்பதுதான். போனோம் என்றதும் திரையை இழுத்துவிட்டு, தலைமுடிக்குள், காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு என்று ஒரு இடம் விடாமல் பார்த்தார். பாவாடை நாடா இறுக்குகிற இடத்தில், இடுப்பின் இடது பக்கம், ஒரு கறுப்புப் பொருக்கு. சிகரெட்டால் சுட்ட மாதிரி வட்டமாக, சுற்றிலும் சிவந்து, ஒரு மொச்சைக்கொட்டை அளவுகூட இல்லை. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அப்படி ஒன்று இருப்பது அவளுக்கே தெரியாது.

ஸ்க்ரப் டைபஸ் என்றார். உண்ணிக் காய்ச்சல் என்று பேப்பரில் போடுவார்களே, அதுதான். இரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே டாக்சிசைக்ளின் ஆரம்பித்தார். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. விலை அதிகமில்லாத, பழைய மாத்திரை அது. ஆனால் அந்தப் பொருக்கைத் தேடிப் பார்க்கிற கண் கிடைக்காமல் இன்னும் நாலு நாள் போயிருந்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போயிருக்கும் என்று அவர் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை நடுங்குகிறது.

இந்தக் காய்ச்சலைப் பரப்புவது கொசு இல்லை, பெயரில் இருந்தாலும் மாட்டில் ஒட்டுகிற உண்ணியும் இல்லை. மைட் என்கிற சிற்றுயிரின் குஞ்சுப் பருவம், ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, கண்ணுக்கு லேசில் தெரியாது. புல் நுனியிலும் புதர் ஓரத்திலும் ஏறி உட்கார்ந்திருக்கும். நாம் உரசிக்கொண்டு போனாலோ உட்கார்ந்தாலோ துணியில் ஏறி, துணி இறுக்கமாக இருக்கிற இடத்தில் போய் நிற்கும், இடுப்பு, அக்குள், சாக்ஸ் விளிம்பு என்று. அங்கேதான் கடிக்கும். அதனால்தான் கையிலும் கழுத்திலும் அடித்த ஸ்ப்ரேயால் ஒரு பயனும் இல்லாமல் போயிற்று. நம் பக்கம் இது அபூர்வமான நோயும் இல்லை. மழைக்குப் பிறகு, குளிர் மாதங்களில் அதிகம். 2025 தொடக்கத்தில் நம் பொது சுகாதாரத் துறை இதைப் பற்றி எச்சரிக்கை விட்டபோது, அதிகம் பாதித்த மாவட்டங்களில் சென்னையும் இருந்தது, எங்கள் வேலூர், திருப்பத்தூர்ப் பக்கமும் இருந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது ஒரு வருடம் முன்னால் இது என் கண்ணில் பட்டிருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது.

அதற்கப்புறம் நான் ஸ்ப்ரே டப்பாவின் முன்பக்கத்தைப் பார்ப்பதில்லை. நேரே பின்பக்கம்தான். அங்கே இரண்டு விஷயம் தேடுவேன். மருந்தின் பெயர், அது எத்தனை சதவீதம். இரண்டும் இல்லாத டப்பாவை, அதில் துளசி இருக்கட்டும், நொச்சி இருக்கட்டும், நூறு சதவீதம் இயற்கை என்று தங்க எழுத்தில் இருக்கட்டும், வைத்துவிட்டு வந்துவிடுவேன். எங்கள் அந்த எலுமிச்சை பாட்டிலில் 'மூலிகை எண்ணெய்களின் கலவை' என்று மட்டும்தான் இருந்தது. எந்த எண்ணெய், எவ்வளவு, எத்தனை மணி நேரம், ஒன்றும் இல்லை.

பெயர்கள் என்று பார்த்தால் நாலைந்துதான். முதலில் டீட். அமெரிக்க ராணுவத்துக்காக 1946இல் கண்டுபிடித்தது, 1957இல் பொதுமக்கள் கைக்கு வந்தது. அறுபது வருடத்துக்கு மேல் உலகம் முழுக்கப் பூசிக்கொண்டிருக்கிறார்கள். கொசு, உண்ணி, எங்களைப் படுத்திய இந்த மைட் எல்லாவற்றுக்கும் கேட்கும். அடுத்தது பிக்காரிடின், இக்காரிடின் என்றும் போடுவார்கள். நம் மிளகில் காரம் தருகிற பைப்பரின் என்ற பொருளின் அமைப்பைப் பார்த்து ஆய்வுக்கூடத்தில் செய்தது. வாசனை கிடையாது, பிசுபிசுப்பு குறைவு. ஐ.ஆர். 3535 என்று ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுப் பயணிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது இந்த மூன்றையும்தான். நம் நாட்டில் குவாலியரில் இருக்கிற பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் நம் படைவீரர்களுக்காக உருவாக்கிய டீபா என்பதும் உண்டு. ஓடோமாஸ் என்று நாம் பொதுப் பெயராகவே சொல்கிற களிம்பில் இருப்பது டைஎத்தில் பென்சமைடு, ட்யூபைத் திருப்பினால் 12 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். பெயரும் சதவீதமும் இப்படி வெளிப்படையாக இருந்தால் போதும், பிறகு நமக்குத் தேவையானதை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

சதவீதம் என்பதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 30 சதவீதம் என்றால் 10 சதவீதத்தைவிட மூன்று மடங்கு பலமாகப் பூச்சியை விரட்டும் என்று அர்த்தம் இல்லை. அதிக நேரம் நிற்கும் என்றுதான் அர்த்தம். டீட் 10 சதவீதம் என்றால் சுமார் இரண்டு மணி நேரம், 30 சதவீதம் என்றால் சுமார் ஐந்து மணி நேரம். 50ஐத் தாண்டினால் நேரமும் பெரிதாகக் கூடுவதில்லை, தோலுக்குத்தான் வீண் சுமை. சாயங்காலம் ஏலகிரி ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நடப்பதற்கு 10 சதவீதமே தாராளம். விடிகாலையில் ஏற ஆரம்பித்து மதியம் இறங்குகிற மலை என்றால் 20 முதல் 30 வரை வாங்குங்கள், பிக்காரிடின் என்றால் 20. அதுவும் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கிறவர் கணக்கு. நம் வெயிலில் சட்டை பிழிகிற அளவுக்கு வியர்க்கும், அருவியில் தலையைக் கொடுத்தால் பூசியது எல்லாம் போய்விடும். டப்பாவில் போட்ட மணிக்கணக்கை அப்படியே நம்பாமல், வியர்த்துக் கொட்டினாலோ நனைந்தாலோ துடைத்துவிட்டு மறுபடி பூச வேண்டும்.

இதைச் சொன்னால், கெமிக்கலை எதற்குப் பூச வேண்டும், இயற்கையாக எதுவும் இல்லையா என்று எங்கள் அத்தை உட்பட எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 2002இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் ஒரு பரிசோதனை வந்தது. கொசுக்கள் நிறைந்த கூண்டுக்குள் கையை விட்டு, முதல் கடி எப்போது விழுகிறது என்று நேரம் பார்த்திருக்கிறார்கள். டீட் 23.8 சதவீதம் இருந்த விரட்டி சராசரியாக ஐந்து மணி நேரம் தாங்கியது. சிட்ரோனெல்லா, அதாவது ஒரு வகைப் புல்லிலிருந்து எடுக்கிற எலுமிச்சை மாதிரி மணக்கிற எண்ணெய், அதை வைத்துச் செய்த ஸ்ப்ரேக்களில் பெரும்பாலானவை இருபது நிமிடம்கூட நிற்கவில்லை. கையில் மாட்டிக்கொள்கிற கொசுவிரட்டி வளையம் அரை நிமிடம்கூட இல்லை. இப்போது பள்ளிக்கூடச் சுற்றுலா என்றால் பிள்ளைகள் கையில் கலர் கலராக அந்த ரப்பர் வளையத்தை மாட்டி அனுப்புகிறோம். தயவுசெய்து அதை நம்பி அனுப்பாதீர்கள். துணியில் நாலு புள்ளி வைக்கிற ரோல்-ஆனிலும் பெரும்பாலும் இதே சிட்ரோனெல்லாவும் யூகலிப்டஸ் எண்ணெயும்தான். மணம் நமக்கு நிற்கும், கொசுவுக்கு நிற்காது. வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயில் கலந்து பூசுவதில் கொஞ்ச நேரப் பலன் இருக்கிறது, வீட்டு வாசலில் உட்காரும்போது நானே பூசிக்கொள்கிறேன். நாள் முழுக்கக் காட்டில் இருக்கும்போது அது போதாது.

இதில் ஊட்டி போய் வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. லெமன் யூகலிப்டஸ் எண்ணெய் நல்ல கொசுவிரட்டி என்று எங்கேயோ படித்துவிட்டு நீலகிரித் தைலத்தைப் பூசிக்கொள்கிறார்கள். அந்த மரம் வேறு, இந்த மரம் வேறு. எலுமிச்சை மணம் வருகிற யூகலிப்டஸ் மரத்தின் எண்ணெயிலிருந்து பி.எம்.டி. என்ற பொருளைச் செறிவாக்கி எடுப்பதுதான் அந்த விரட்டி, அது உண்மையிலேயே சில மணி நேரம் வேலை செய்யும். ஆனால் மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கூடாது. ஊட்டியில் சின்னக் குப்பியில் விற்கிற தைலம் சளிக்கும் மூட்டு வலிக்கும் ஆகும், கொசுவுக்கு அதை நம்பக் கூடாது.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் பயமும் அலட்சியமும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டு மாதத்துக்குக் கீழே உள்ள கைக்குழந்தைக்கு எதுவும் பூசாதீர்கள், தொட்டிலையும் தள்ளுவண்டியையும் வலையால் மூடுங்கள். அதற்கு மேல் உள்ள பிள்ளைகளுக்கு டீட் 30 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். டப்பாவைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். நீங்கள் உங்கள் உள்ளங்கையில் அடித்துக்கொண்டு, பிறகு அதன் முகத்தில் கண்ணையும் வாயையும் விட்டுத் தடவுங்கள். பிள்ளையின் உள்ளங்கையில், விரலில் பூசவே வேண்டாம், அது நேராக வாய்க்குத்தான் போகும். வெட்டுக்காயம், சிராய்ப்பு, சிரங்கு இருக்கிற இடத்தில் வேண்டாம். துணிக்கு உள்ளே அடிக்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிவிட்டால் முடிந்தது. கர்ப்பிணிகள் பூசலாமா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டார்கள், டப்பாவில் சொன்னபடி பூசினால் பூசலாம் என்றுதான் எங்கள் டாக்டரம்மாவும் சொன்னார். கர்ப்ப காலத்தில் டெங்குவோ மலேரியாவோ வந்தால் அது எவ்வளவு மோசம் என்பதையும் அவரே சொன்னார்.

பூசுகிற விதத்தில் நாங்கள் செய்த தப்பு, ஏதோ சென்ட் அடிக்கிற மாதிரி அங்கங்கே அடித்தது. விரட்டி, பூசிய இடத்தை மட்டும்தான் காக்கும். முழங்கையில் பூசி மணிக்கட்டை விட்டால் கொசு சரியாக மணிக்கட்டில் உட்காரும். துணிக்கு வெளியே தெரிகிற தோல் முழுக்க ஒரு படலமாகத் தேய்த்துவிட வேண்டும், காது மடல், பின்கழுத்து, கணுக்கால் உட்பட. மைட்டும் உண்ணியும் கீழிருந்து ஏறுவதால் ஷூவின் மேலும், சாக்ஸின் மேலும், பேன்ட்டின் கீழ்விளிம்பிலும் அடித்துக்கொள்கிறோம் இப்போது. சன்ஸ்கிரீன் போடுகிறவர்கள் முதலில் அதைப் போட்டு, காய்ந்த பிறகு விரட்டியைப் போட வேண்டும். இரண்டும் ஒரே பாட்டிலில் கலந்து வருவதை வாங்காதீர்கள், வெயிலுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும், விரட்டியை அப்படிப் பூசக் கூடாது, அதனால் அந்தக் கூட்டுச் சரிவராது. டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் என்பதும் தெரிந்திருக்கட்டும். பூசிய கையோடு என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டியதில் கண்ணாடியின் ஓரம் பால் மாதிரி மங்கிவிட்டது, விரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. பருத்தித் துணிக்கு ஒன்றும் ஆகாது. ஸ்ப்ரேக்களில் ஆல்கஹால் இருப்பதால், மலையில் அடுப்புப் பற்றவைத்துச் சமைக்கிறவர்கள் நெருப்புப் பக்கம் நின்று அடிக்கவே கூடாது, வெயிலில் நிறுத்திய காருக்குள் டின்னை விட்டுவிட்டும் போகக் கூடாது.

எந்த ஸ்ப்ரேயாலும் ஆகாதவையும் இருக்கின்றன. மலைத்தேனீ, கதண்டு, குளவி இவை இரத்தம் குடிக்க வருகிறவை இல்லை, கூட்டைக் காக்கக் கொட்டுகிறவை. கொசுவிரட்டி அவற்றைத் தடுக்காது. வால்பாறை மழையில் அட்டைக்கு டீட் ஓரளவு கேட்கும், ஆனால் ஈரத்தில் கழுவிக்கொண்டு போய்விடும் என்பதால் முட்டி வரைக்கும் இழுத்துக் கட்டுகிற அட்டை சாக்ஸ்தான் உருப்படியான வழி.

உண்ணி என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டுபிடித்த குரங்குக் காய்ச்சல் உண்ணியால் வருவது, அது பந்திப்பூர், வயநாடு என்று நம் நீலகிரி எல்லை வரை வந்துவிட்டது. அங்கே காட்டோரக் கிராமங்களில், விறகுக்கும் மேய்ச்சலுக்கும் போகிற மக்களுக்குக் கர்நாடக சுகாதாரத் துறை காலில் தடவிக்கொள்ள விரட்டி எண்ணெய் இலவசமாகக் கொடுக்கிறது. முன்பு டி.எம்.பி. என்ற எண்ணெய், பிறகு நான் மேலே சொன்ன அந்த டீபா. இரண்டாம் உலகப் போரில் பர்மா காடுகளில் ஸ்க்ரப் டைபஸ் சிப்பாய்களைக் கொத்துக்கொத்தாகச் சாய்த்தபோது உடுப்பில் தேய்க்கக் கொடுத்ததும் இந்த டி.எம்.பி. வகை எண்ணெய்தான். எண்பது வருடமாக ராணுவத்துக்குத் தெரிந்த விஷயம், ஜவ்வாது மலைக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு போன எனக்குத் தெரியவில்லை. நம் மலையில் வாழ்கிற மக்களுக்கும் இப்படிக் கையில் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. நாங்கள் ஒரு நாள் போய் வந்தோம், அவர்கள் தினமும் அந்தப் புல்லில்தானே நடக்கிறார்கள்.

துணியில் அடிக்கிற பெர்மெத்ரின் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். உடுப்பில், கூடாரத்தில் 0.5 சதவீதம் அடித்துக் காயவைத்தால் மைட்டுக்கும் உண்ணிக்கும் மிக நல்ல தடுப்பு என்பது உண்மை. அதற்கென்றே தயாரித்தது கிடைத்தால் வாங்குங்கள். உரக்கடையில் பயிருக்கு விற்கும் மருந்தை வாங்கித் தண்ணீர் கலந்து துணியில் அடிக்கிற வேலையை மட்டும் யாரும் செய்யாதீர்கள். அதன் செறிவே வேறு, அதில் சேர்த்திருக்கிற கரைப்பானும் வேறு.

ஸ்ப்ரேயை மட்டும் நம்பாமல் நாங்கள் மாற்றிக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். முழுக்கை, முழுக்கால் துணி, பேன்ட்டைச் சாக்ஸுக்குள் சொருகிவிடுவது. புல்லில் நேராக உட்காராமல் தார்ப்பாய் விரிப்பது. துணியைப் புதர்மேல் காயப் போடாமல் கொடி கட்டுவது. வீடு திரும்பியதும் போட்டிருந்ததை எல்லாம் கழற்றிச் சுடுதண்ணீரில் போட்டுவிட்டுக் குளிப்பது, குளிக்கும்போது இடுப்பு, அக்குள், முட்டிக்குப் பின்னால் ஒருமுறை பார்ப்பது. மலையிலிருந்து வந்த தேதியைக் காலண்டரில் குறித்துவைக்கிறேன். மூன்று வாரத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் முதல் வார்த்தையாக, மலைக்குப் போய் வந்தோம் என்று சொல்ல வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், தம்பி மகன் உட்பட.

அரசிடமும் கேட்கிறேன். 2024 அக்டோபரில் வனத்துறை ட்ரெக் தமிழ்நாடு என்று 40 மலைப்பாதைகளை மக்களுக்குத் திறந்தது, நல்ல காரியம், குரங்கணித் தீ விபத்துக்கு அப்புறம் முறையான வழிகாட்டியோடு போக ஒரு ஏற்பாடு. புக் செய்கிறவர்களுக்குப் போகிற தகவலில் இந்த மருந்துப் பெயர்களையும் சதவீதத்தையும் தமிழில் நாலு வரி சேர்த்தால் என்ன? ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு பலகை வைக்கலாம். கம்பெனிகள் மருந்தின் பெயர், சதவீதம், எத்தனை மணி நேரம் என்ற மூன்றையும் தமிழில், டப்பாவின் முன்பக்கத்தில், கண்ணாடி போடாமல் படிக்கிற எழுத்தில் போட வேண்டும் என்று விதி வர வேண்டும். கடைக்காரர்களுக்கு நான் கேட்பது சின்ன விஷயம், கொல்லியை ஒரு தட்டிலும் விரட்டியை வேறு தட்டிலும் வையுங்கள். யாராவது கொசு ஸ்ப்ரே கேட்டால், "வீட்டுல அடிக்கவா, உடம்புல பூசவா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

ஆசிரியர் ஐயா, அடுத்த முறை பயணப் பட்டியல் போடும்போது 'டீட் அல்லது பிக்காரிடின், 20 சதவீதத்துக்குக் குறையாமல், தோலில் பூசுவதற்கு என்று எழுதியது' என்று முழுசாகப் போடுங்கள். கூடவே அந்தக் கறுப்புப் பொருக்கின் படம் ஒன்றையும் போடுங்கள். அதன் படத்தை முன்பே பார்த்திருந்தால், ஆறு நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்த நானே இடுப்பைத் திருப்பிப் பார்த்திருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வாணியம்பாடி.